குரங்குக்குக் கொடுத்த பிஸ்கட்: களப்பயணம் போவது எப்படி?

போன வருஷம் பள்ளி விடுமுறையில் எங்கள் ரவாங் கிளை ஓர் "இயற்கைக் களப்பயணம்" போனது. நோட்டீஸில் அப்படித்தான் போட்டிருந்தோம். 42 பேர், ஒரு பஸ், நாலு பெட்டி தண்ணீர் போத்தல், ஐம்பது பொட்டலம் நாசி லெமாக், ஒரு புளூடூத் ஸ்பீக்கர். இடம், கஞ்சிங் நீர்வீழ்ச்சி. ரவாங் பட்டணத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிஷத் தூரம்தான்.

பஸ் நின்றதும் குரங்குகள் வந்துவிட்டன. பிள்ளைகள் ஒரே கூச்சல். ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருவன். கையில் ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட் இருந்தது. "பயப்படாதீங்க, இப்படிக் கொடுத்தா வாங்கிக்கும்" என்று சொல்லி ஒன்றை நீட்டினேன். வாங்கிக்கொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அரை மணி நேரம் கழித்து, எங்கள் தேவார வகுப்பில் படிக்கும் ஒன்பது வயதுப் பையன் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு படியேறிக்கொண்டிருந்தான். பெரிய ஆண் குரங்கு ஒன்று பின்னாலிருந்து வந்து பையைப் பிடுங்கியது. அவன் விடவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கீறிவிட்டது. கழுவுவதற்கு எங்களிடம் சோப்புகூட இல்லை. பாதிப் பேரை அங்கேயே விட்டுவிட்டு அவனை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

சாயங்காலம் அவன் அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "குரங்கைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனீங்களா தம்பி, இல்ல தீனி போடவா?"

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். 42 பேர் ஒரு நாள் முழுக்கக் காட்டில் இருந்தோம். எங்களில் யாரையாவது கேட்டால் ஒரு மரத்தின் பெயரோ ஒரு பறவையின் பெயரோ சொல்லியிருப்போமா? சொல்லியிருக்க மாட்டோம். நாங்கள் போனது பிக்னிக். அதில் தப்பில்லை. ஆனால் நோட்டீஸில் வேறு பெயர் போட்டுவிட்டோம்.

இந்த வருஷம் மறுபடியும் போனோம். 14 பேர், இரண்டு வேன். காலையில் கஞ்சிங் காடு, மாலையில் கோல சிலாங்கூர் மலை, ராத்திரி கம்போங் குவாந்தானில் மின்மினி. இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தின் பாடக் குறிப்பு. மற்றக் கிளைகளும் போக நினைத்தால் இதைப் படித்துவிட்டுப் போகலாம். சிலாங்கூரில் இல்லாதவர்கள் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

போவதற்கு முன்னால்

தேதியைப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் குறித்தோம். நல்ல நேரத்துக்காக இல்லை. மின்மினி நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் நிலா இருக்கக்கூடாது. அதனால் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. "அமாவாசையும் அதுவுமா பிள்ளைகளை ராத்திரி ஆத்துக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்று ஒரு பாட்டி கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. கடைசியில் அவரும் பேத்தியோடு வந்தார்.

14 பேர் என்ற கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. காட்டுப் பாதையில் முன்னால் போகிறவர் மெல்லிய குரலில் சொல்வது கடைசியில் வருகிறவருக்குக் கேட்க வேண்டும். ஏழு பேருக்கு மேல் போனால் கத்த வேண்டியிருக்கும். கத்தினால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஏழு ஏழாக இரண்டு குழு.

பயணத்துக்கு முன் மூன்று வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்த பிறகு முக்கால் மணி நேரம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படித்தோம். முதல் வாரம் குரங்கு, இரண்டாம் வாரம் ஆறு, மூன்றாம் வாரம் மின்மினி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொருவருக்கும் கவனிக்க ஒரே ஒரு விஷயம் கொடுத்தோம். ஒருவன் வால் மட்டும் பார்ப்பான். ஒருத்தி தாயும் குட்டியும் மட்டும். இன்னொருத்தி, யார் யாருக்கு வழி விடுகிறார்கள் என்று பார்ப்பாள். "எல்லாத்தையும் பாருங்க" என்று சொன்னால் பிள்ளைகள் எதையும் பார்ப்பதில்லை. போன வருஷ அனுபவம்.

தூணின் மேல் ஒரு சாலை

கஞ்சிங் போவதற்கு நேர்வழி பழைய சாலை. நாங்கள் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு, ரவாங் மாற்றுச் சாலையில் ஒரு தடவை ஏறி இறங்கினோம். தினமும் அதில் போகிறோம், ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

2017 நவம்பரில் அந்தச் சாலை திறப்பதற்கு முன்னால், ரவாங்கிலிருந்து செலாயாங் போவது என்றால் என்ன பாடு என்று உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள். மாற்றுச் சாலை வந்தே ஆக வேண்டும் என்ற நிலை. ஆனால் வழியில் இருப்பது கஞ்சிங் வனக்காப்பகம். அந்தக் காட்டில் கியாம் கஞ்சிங் என்று ஒரு மரம் இருக்கிறது. விஞ்ஞானப் பெயர் ஹோப்பியா சுபலாத்தா. உலகத்தில் வேறு எங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. நம்ம ஊர்க் காட்டில் மட்டும்தான். காட்டை வெட்டி, மலையைக் குடைந்து சாலை போட்டிருந்தால் அந்த இனத்துக்கே ஆபத்து.

அதனால் சாலையைத் தூக்கிவிட்டார்கள். ஏறக்குறைய 9 கிலோமீட்டர்ச் சாலையில் 2.7 கிலோமீட்டர் தூண்களின் மேல் போகிறது. மிக உயரமான இடத்தில் தரையிலிருந்து 58.2 மீட்டர். பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர். அப்படியென்றால் முருகனையே அங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் சாலை அவர் தலைக்கு மேல் 15 மீட்டர் தள்ளித்தான் போகும். இதைச் சொன்னதும் வேனில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்து கீழே பார்த்தார்கள்.

நான் இன்ஜினியரிங் படிக்கிறவன். எங்கள் வகுப்பில் ஒரு கட்டுமானத்தைப் பற்றிப் பேசினால் செலவு, பாரம், காலம் இந்த மூன்றோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு மரம் ஒரு சாலையின் வடிவத்தை மாற்றியது என்பதை நான் ரவாங்கிலேயே பிறந்து வளர்ந்தும் இந்தப் பயணத்துக்காகப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். தூண் நட்டாலும் காட்டுக்குச் சேதம் இருக்கத்தான் செய்யும், சும்மா புகழ வேண்டாம். ஆனாலும் வெட்டித் தள்ளுவதற்கும் தாண்டிப் போவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது.

குரங்கைப் பார்ப்பது

இனி முக்கியமான பாடம். கஞ்சிங்கில் நம்மைச் சுற்றி வருவது நீளவால் குரங்கு. மலாயில் கெரா. ஆறு, கடலோரம், சதுப்புநிலம் எங்கும் வாழும். நன்றாக நீந்தும். நண்டும் தின்னும். கன்னத்துக்கு உள்ளே இரண்டு பக்கமும் பை உண்டு. கிடைத்ததை அதில் அடைத்துக்கொண்டு பத்திரமான இடத்துக்குப் போய் மென்று தின்னும். பழக்கொட்டையைத் துப்பும். அப்படித் துப்பிய இடத்தில் மரம் முளைக்கும். காட்டுக்கு அது தோட்டக்காரன்.

அதன் குடும்பம் பெண்களைச் சுற்றி அமைந்தது. தாய்க்கு என்ன மரியாதையோ அதுவே மகளுக்கும் வந்து சேரும். ஆண் குட்டி பெரிதானதும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும். கூட்டத்தில் ஒன்று வரும்போது இன்னொன்று எழுந்து இடம் கொடுத்தால், யார் பெரியவர் என்று அங்கேயே தெரிந்துவிடும். முகத்தைப் படிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். பல்லைக் காட்டினால் அது சிரிப்பு இல்லை, பயம். வாயைத் திறந்து நேராக முறைத்தால் மிரட்டல். நாம் அதன் கண்ணை உற்றுப் பார்த்தால் அதற்கும் அது மிரட்டலாகத்தான் படும். போன வருஷம் நாங்கள் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு, கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டு, போனை முகத்துக்கு நேரே நீட்டினோம். குரங்கு பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

இந்தத் தடவை விதிகள் நாலே நாலு. கையில் பை இருக்கக்கூடாது, எல்லாம் முதுகுப்பையில், ஜிப் போட்டு. சாப்பாடு வேனிலேயே பசியாறிவிட்டு இறங்க வேண்டும். ஸ்பீக்கர் கிடையாது. குரங்கு பக்கத்தில் வந்தால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, மெதுவாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். இவ்வளவுதான். முதல் பத்து நிமிஷம் குரங்குகள் எங்களைச் சுற்றின, ஒவ்வொருவர் கையாகப் பார்த்தன. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அதனதன் வேலைக்குப் போய்விட்டன. அப்போதுதான் பார்க்க ஆரம்பித்தோம்.

அந்தக் காலை நேரத்தில் நாங்கள் பார்த்ததை எழுதினால் பக்கம் போதாது. ஒரு தாய் குட்டியின் வாலைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குப் பேன் பார்த்தது. ஒரு இளம் குரங்கு தண்ணீரில் கையை விட்டு எதையோ தேடிக்கொண்டே இருந்தது, இருபது நிமிஷம். மேலே உயரத்தில் கண்ணாடி போட்ட மாதிரி கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு இரண்டு கருங்குரங்குகள், மலாயில் லொத்தோங், எங்களை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தன. லொத்தோங்கைப் போன வருஷம் யாரும் பார்க்கவே இல்லை. அது சத்தம் கேட்டால் இறங்காது.

ஆனால் கொடுப்பது புண்ணியம் ஆயிற்றே?

இந்தக் கேள்வி இரண்டாவது வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. கேட்டவர் கோயிலில் அன்னதானத்துக்குச் சமைக்கும் ஆண்டி. "வாயில்லாத ஜீவன். ஒரு வாழைப்பழம் கொடுத்தா என்னப்பா குறைஞ்சு போச்சு? ஆஞ்சநேயர் இல்லையா அது?"

நம் இளைஞர்கள் இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளக்கூடாது. பசித்த உயிருக்குக் கொடு என்று நம் சமயம் சொல்லிக்கொடுத்திருக்கிறது, சின்ன வயதிலிருந்து நாமும் அதைத்தான் செய்கிறோம். பத்துமலையில் படியேறும்போது குரங்குக்குத் தேங்காய்த் துண்டும் பழமும் கொடுக்காத குடும்பம் குறைவு. அதற்குப் பதில் சொல்லாமல் "தீனி போடாதீர்" என்று அறிவிப்புப் பலகையைக் காட்டினால் போதாது.

நான் ஆண்டியிடம் சொன்னது இதுதான். முதலில், காட்டோரம் இருக்கும் குரங்கு பசியில் இல்லை. இலை, பழம், பூச்சி, நண்டு எல்லாம் இருக்கிறது. நாம் கொடுப்பது சர்க்கரை, உப்பு, எண்ணெய். அது சுலபமாகக் கிடைப்பதால் கூட்டம் காட்டுக்குள் போகாமல் கார் நிறுத்துமிடத்திலேயே நிற்கிறது, சாலையில் அடிபடுகிறது. இரண்டாவது, நேற்றுக் கொடுத்த கையை இன்றைக்கும் நம்பி வருகிறது. இன்றைக்கு வருகிற கையில் ஒன்றும் இல்லையென்றால் பிடுங்குகிறது. பிடுங்கினால் புகார் போகிறது. புகார் போனால் வனவிலங்கு இலாகா வந்து கூண்டு வைக்கிறது, பிடிபட்ட குரங்கு திரும்பி வருவதில்லை, பல சமயம் கொல்லப்படுகிறது. அந்தப் பையனைக் கீறிய குரங்குக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிஸ்கட் பாக்கெட்டையும் மனிதன் கையையும் சேர்த்து அறிமுகப்படுத்தியவர்களில் நானும் ஒருவன்.

எங்கே பார்த்தாலும் இருக்கிறதே, இதற்கு என்ன குறை என்று நினைக்கலாம். 2022-இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நீளவால் குரங்கை அழிவு அபாயத்தில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் கண்ணுக்கு நிறையத் தெரிவது, அவை நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டதால்.

மூன்றாவது, நோய். நம் நாட்டில் இப்போது உள்நாட்டிலேயே தொற்றும் மலேரியா ஏறக்குறைய முழுக்கக் குரங்கு மலேரியாதான். பிளாஸ்மோடியம் நோலெசி என்ற கிருமி, குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வருகிறது. குரங்கைத் தொட்டால் வருவதில்லை. ஆனால் காட்டுக்குப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டு, கொசு மருந்து தடவிக்கொண்டு போவது நல்லது. போய் வந்த சில வாரத்தில் காய்ச்சல் வந்தால் "காட்டுக்குப் போயிருந்தேன்" என்று டாக்டரிடம் சொல்ல மறக்கக்கூடாது.

கடைசியாக ஆஞ்சநேயர். ராமாயணத்தில் அவர் கடலைத் தாண்டினார், மலையைத் தூக்கினார், தூது போனார். யார் முன்னாலும் கையேந்தி நின்றதாக நான் கேட்டதில்லை. அவர் வம்சம் என்று நாம் கும்பிடுகிற ஒன்றைக் குப்பைத்தொட்டிப் பக்கத்தில் பிச்சை எடுக்க வைத்திருப்பது யார்?

ஆண்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ சொல்றது சரியாத்தான் இருக்கு, ஆனா என் மனசு கேக்காதுப்பா" என்றார். அவரை மாற்றிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயணத்தன்று அவர் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை வேனிலேயே பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

தப்பித்தவறிக் கீறினாலோ கடித்தாலோ என்ன செய்வது? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள் தடவாதீர்கள். சின்னக் கீறல்தானே என்று விடாமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். சோப்பு ஒரு குழுவுக்கு ஒன்று கட்டாயம்.

குளிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கஞ்சிங்கில் ஏழு அடுக்கு நீர்வீழ்ச்சி இருக்கிறது, குளிக்காமல் வர முடியாது. ஆனால் நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் திடீரென்று வெள்ளம் இறங்கும். மலாயில் கெபாலா ஆயர் என்பார்கள். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் கூடுதலாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, சாமானை விட்டுவிட்டு உடனே கரையேற வேண்டும், உயரமான பக்கமாக. ஒருவர் குளிக்காமல் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்களில் அந்த வேலை எனக்கு. நான் குளிக்கவே இல்லை.

ரவாங்கிலிருந்து கீழே ஓடும் தண்ணீர்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேற்கே திரும்பினோம். பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர். சுமார் ஒரு மணி நேரம். பத்து ஆராங் 1915 முதல் 1960 வரை நிலக்கரிச் சுரங்க ஊர். பெஸ்தாரி ஜெயாவை நம் பெரியவர்கள் இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். அமாவாசையைப் பற்றிக் கேட்ட பாட்டி அந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டப் போகும்போது ஆற்றோரம் மரம் முழுக்க மின்னும் என்றார். "நாங்க அதை வேடிக்கை பார்த்ததில்ல தம்பி. வேலைக்கு நேரமாயிடும்."

இந்த வழியில் நான் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தது ஆறு. ரவாங்கில் ஓடும் சுங்கை கோங் ஒரு சின்ன ஆறு. பார்த்தால் சாக்கடை என்று நினைப்பீர்கள். அது சுங்கை செம்பாவில் சேர்ந்து, அது போய்ச் சிலாங்கூர் ஆற்றில் கலக்கிறது. 2020 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? ரவாங்கில் ஒரு தொழிற்சாலையிலிருந்து கழிவு சுங்கை கோங்கில் கலந்தது. நாலு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று எங்கே இருந்தாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் நின்றவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். ஒரு சின்ன ஆறுதான்.

அதே சிலாங்கூர் ஆறு கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கம்போங் குவாந்தான் இருக்கிறது. வேனில் ஒரு பொண்ணு கேட்டாள்: "அப்போ நம்ம ஊர்த் தண்ணியிலதான் மின்மினி இருக்கா அண்ணா?" ஆமாம். நான் அரை மணி நேரமாகச் சொல்ல நினைத்ததை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

புக்கிட் மெலாவத்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கோட்டை, பீரங்கி, 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம். அங்கே இருப்பது வெள்ளி நிற லொத்தோங். குட்டி பிறக்கும்போது பளிச்சென்று ஆரஞ்சு நிறம், சில மாதத்தில் சாம்பலாகிவிடும். சாதுவான பிராணி, தோளில் வந்து உட்காரும். அதனால் அங்கே எங்களுக்குத்தான் சோதனை. சுற்றிலும் எல்லாரும் பயற்றங்காயும் கடலையும் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். லொத்தோங்கின் வயிறு மாட்டு வயிறு மாதிரி அறை அறையாக இருக்கும், இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கும். கடையில் விற்பது அந்த வயிற்றுக்குச் செய்ததில்லை. எங்கள் பிள்ளைகள் சும்மா நின்றார்கள். இரண்டு பேருக்கு முகம் சுருங்கிப்போனது. உண்மையைச் சொன்னால் எனக்கும் கை அரித்தது.

உறுமி மேளமும் மின்மினியும்

ராத்திரி எட்டு மணிக்குத் துடுப்புப் படகு. ஒரு படகில் நாலு பேர். இங்கே பேச்சு இல்லை, போன் விளக்கு இல்லை, பிளாஷ் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் கரையில் பெரெம்பாங் மரங்கள். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி. பிறகு கண் இருட்டுக்குப் பழகியதும் மரம் முழுக்க ஒரே நேரத்தில் மின்னி, ஒரே நேரத்தில் அணைந்தது. மறுபடியும். மறுபடியும். வினாடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை.

இதன் பெயர் தெரொப்தீக்ஸ் தெனெர். நீளம் 6 மில்லிமீட்டர் அளவு, ஒரு அரிசி மணி. ஒத்து மின்னுவது ஆண் பூச்சிகள். யார் தாளம் போடுகிறார்கள்? யாரும் இல்லை. ஒவ்வொரு பூச்சிக்கும் உள்ளுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. பக்கத்துப் பூச்சி மின்னுவதைப் பார்த்ததும் தன் கடிகாரத்தைக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ நகர்த்திக்கொள்ளும். எல்லாரும் இப்படிச் செய்ய, கொஞ்ச நேரத்தில் மரமே ஒன்றாகிவிடும். எங்கள் பாடத்தில் இதற்குச் சமன்பாடு இருக்கிறது, அது வேண்டாம். தைப்பூசத்தில் இரண்டு உறுமி மேளக் குழு பக்கத்துப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? முதலில் இரைச்சல். பிறகு ஒருவன் அடியை இன்னொருவன் காது பிடித்துக்கொள்ளும், யாரும் சொல்லாமலே தாளம் சேரும். அதே விஷயம்தான். உறுமி அடிக்கிற பையன் ஒருவன் எங்கள் படகில் இருந்தான். தொடையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான்.

அந்த வெளிச்சம் லூசிபெரின் என்ற பொருள் உயிர்வாயுவோடு சேரும்போது உண்டாவது. சூடு கிட்டத்தட்ட இல்லை. பழைய குண்டு பல்பு தனக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்கிவிடும். இதில் ரவாங்காரர்களுக்கு ஒரு சம்பந்தம் உண்டு. மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் வந்தது 1894-இல், ரவாங்கில், லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் நடத்திய ஈயச் சுரங்கத்துக்கு. ஆமாம், பத்துமலைக் கோயிலை உருவாக்கிய அதே தம்புசாமிப் பிள்ளை. நாடே விளக்குப் போடக் கற்றுக்கொண்ட ஊரிலிருந்து நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார வந்திருந்தோம். மின்மினிக்கு நம் விளக்கு எதிரி. ஆண் மின்னுவது பெண்ணைக் கூப்பிட. கரையில் பெரிய விளக்கு எரிந்தால் அந்தக் கூப்பாடு தெரியாது.

மரத்தில் மின்னுவது அதன் வாழ்க்கையின் கடைசிப் பகுதி மட்டும். முட்டை ஆற்றோர ஈர மண்ணில். புழு அந்த ஈரத்திலேயே ஊர்ந்து சின்ன நத்தைகளைத் தின்று வளரும். கூட்டுப்புழுவும் மண்ணில்தான். பிறகுதான் மரம். அதனால் மரத்தை மட்டும் விட்டுவைத்துப் பயனில்லை. கரையைச் சுத்தப்படுத்துகிறேன் என்று செடியை வெட்டினாலும், சிமெண்டு போட்டாலும், எண்ணெய்ப்பனையைத் தண்ணீர் வரைக்கும் நட்டாலும், ஆற்றில் நஞ்சு கலந்தாலும் அடுத்த தலைமுறை மரத்துக்கு வராது. சுங்கை கோங்கை இப்போது மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள்.

படகில் பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும் பேத்தியிடம், "இதுதான், இதேதான்" என்றார்.

திரும்பி வந்த பிறகு

இதைத்தான் பெரும்பாலான கிளைகள் செய்வதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நோட்டைப் பிரித்தோம். ஒவ்வொருவரும் ஐந்து நிமிஷம், தான் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். இணையத்தில் படித்ததைச் சொல்லக்கூடாது. வழி விடுவதைக் கவனித்த பொண்ணு, ஒரு சின்னப் பெண் குரங்குக்குப் பெரிய ஆண் எழுந்து இடம் கொடுத்ததை வரைந்தே காட்டினாள். வால் பார்த்தவன், கிளையில் தாண்டும்போது வால் எந்தப் பக்கம் போகிறது என்று பதினொரு படம் போட்டிருந்தான்.

அடுத்த பயணத்துக்கு இடம் தேடுகிறவர்களுக்கு, கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்பதை அங்கே அண்ணாந்து பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கும் வசதி. எங்கள் கிளை அதற்கு முன்னால் சுங்கை கோங் பாலத்தில் மாதம் ஒரு ஞாயிறு நின்று தண்ணீரின் நிறம், மணம், மிதக்கும் பொருள் மூன்றையும் எழுதிவைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறது. வேறு எந்தக் கிளையாவது ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இதையே செய்தால் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம், எழுதுங்கள். வேன் இரண்டு, படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்தும் போன வருஷத்துப் பஸ் செலவைவிடக் குறைவாகத்தான் ஆனது.

போன வருஷம் கீறல் பட்ட பையனும் இந்தத் தடவை வந்திருந்தான். அவன் அம்மா என்னை நேராகப் பார்த்து, "இந்த தடவை பார்க்கத்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். அவன் நோட்டை நான் கடைசியாக வாங்கிப் பார்த்தேன். பென்சிலில், எழுத்துப் பிழையோடு, இப்படி இருந்தது: "பெரிய ஆண் குரங்கு. 23 நிமிசம் பாத்தேன். என்கிட்ட வரல. நானும் போகல. காது ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு."